1948இன் இரண்டாவது திகதி: பாராளுமன்ற உறுப்பினர்கள் 225 பேருக்கும் ஒரு திறந்த மடல்

சபாநாயகர் உட்பட இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதுகிறேன். நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை.

பெப்ரவரி வந்தால் எங்கள் பாடசாலைகளிலும் சிங்கக்கொடி ஏறும். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு பனியில் வரிசையாக நிற்க, அதிபர் பேசுவார். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், 1658க்குள் ஒல்லாந்தர் அவர்களை விரட்டினார்கள், 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்தார்கள், 1815இல் கண்டியும் விழுந்தது, 1948 பெப்ரவரி 4 சுதந்திரம் கிடைத்தது. பத்து நிமிடத்தில் பேச்சு முடியும், பிள்ளைகளுக்குப் பணிஸ் கிடைக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் "அந்த வருஷம் நம்ம தாத்தாவுக்கு என்ன கெடச்சுச்சு சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் நான் நவம்பருக்குப் போக வேண்டியிருக்கும். கொடி ஏறிய அதே வருஷம் நவம்பர் 15ஆம் திகதி அந்தத் தாத்தா நாடற்றவர் ஆனார்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். 1948இன் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரான எங்களுக்குச் செய்தது அநியாயம் என்று, அதைச் செய்த சபையின் வழிவந்த இந்தச் சபை ஒரு தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். சம்பளம், வீடு, காணி பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சண்டைகள் தனியாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இழந்ததை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத நாடல்ல இது. கொழும்பு சுதந்திர சதுக்கத்து மண்டபத்தையே பாருங்கள். கண்டி அரண்மனையின் அரசவை மண்டபமான மகுல் மடுவவை முன்மாதிரியாக வைத்துக் கட்டியது அது. 1815 மார்ச் 2 அன்று ஆங்கிலேயரோடு கண்டிப் பிரதானிகள் உடன்படிக்கை செய்தது அந்த மடுவவில்தான். ராஜ்ஜியம் பறிபோன இடத்தின் சாயலிலேயே, அது திரும்பி வந்ததற்கு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். அன்று சிம்மாசனம் இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி என்பதும், அவர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1815இல் அந்நியன் பறித்ததற்கு மண்டபம் எழுப்பத் தெரிந்த நாட்டுக்கு, 1948இல் நாமே பறித்ததற்கு ஒரு பத்தி எழுதத் தெரியாதா?

அந்தச் சட்டத்தை உங்களில் எத்தனை பேர் எடுத்துப் படித்திருப்பீர்களோ தெரியாது. இந்தியத் தமிழர், தோட்டத் தொழிலாளி என்ற பேச்சே அதில் இல்லை. அதுதான் அதை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம். வம்சாவளியால் பிரஜை ஆவதற்கு, இந்த மண்ணில் பிறந்தவனின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அந்தப் பாட்டனின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கொழும்புக் கறுவாத்தோட்டத்துப் பணக்காரக் கனவான்களைக் கேட்டிருந்தால்கூடப் பாதிப்பேரிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. கேள்வி வந்தது தோட்டத் தொழிலாளிகளின் வரிசைவீடான லயத்துக்கு. லயத்தில் பிள்ளை பிறந்தால் கணக்கப்பிள்ளைக்கு ஒருவேளை தெரியும், தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேர் விழும்வரை வேறு யாருக்கும் தெரியாது.

கதவு முழுக்க மூடவில்லையே, 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. கலியாணம் முடித்தவர் ஏழு வருஷம், முடிக்காதவர் பத்து வருஷம் தொடர்ந்து இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டும். எங்கள் தாத்தாவும் விண்ணப்பம் போட்டார். விசாரணைக்கு வந்தவர் கேட்ட கேள்விகளைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்: இந்தியாவில் ஊரில் காணி இருக்கிறதா, ஊருக்கு மணியோடர் அனுப்பினாயா, தங்கச்சி கலியாணத்துக்குப் போய் எத்தனை மாதம் கழித்துத் திரும்பினாய், அதுவரை உன் பெண்டாட்டி எங்கே இருந்தாள். துரை கொடுத்த பற்றுச்சீட்டையும் அரிசிக் கூப்பனையும் மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோன கடதாசிகளைத் தாத்தா பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். அந்தத் தகரம் இப்போது என் வீட்டு அலுமாரி மேலே இருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவர் மட்டுமல்ல, எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காகப் போட்ட விண்ணப்பங்களில் 1964 வரை தேறியவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான்.

1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் 7,80,000க்கும் மேல், நாட்டில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கும் அதிகம். அப்போது வாக்கும் இருந்தது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை எங்களுக்கு மட்டும் ஆயிரத்தெட்டு நிபந்தனைகளோடுதான் வந்தது. என்றாலும் அதை வைத்துக்கொண்டே 1936இல் கோ. நடேசய்யரை ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பினோம். தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடுகிற காலத்தில், மனைவி மீனாட்சியம்மை பாட்டுப்பாடி ஆட்களைக் கூட்ட, நின்று தொழிற்சங்கம் பேசிய மனுஷன் அவர். 1947 நவம்பரில் கண்ணை மூடினார். ஒரு வருஷம் கழித்து நடந்ததைப் பார்க்காமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் நல்ல வெற்றி பெற்றது. நுவரெலியாவில் அதன் வேட்பாளர் தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் எங்கள் ஆட்களின் வாக்கு இடதுசாரிகள் பக்கம் சாய்ந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் இவ்வளவு அவசரப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜையாக இல்லாதவர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்று ஆனது. 1952 தேர்தலில் ஒருவர்கூட எங்கள் வாக்கால் வரவில்லை. அந்த வருஷம் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது, பலனில்லை. திரும்பவும் மக்கள் வாக்கில் தொண்டமான் சபைக்கு வந்தது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த நாட்டின் அரசியல் பாடத்தில் எனக்கு மிகவும் கசக்கிற இடம் அதுதான். தொகுதிகளைப் பிரிக்கும்போது எங்கள் தலைகளை எண்ணினார்கள். 1959இல் அரசியலமைப்பைத் திருத்தி எல்லை நிர்ணயம் செய்தபோதும் பிரஜைகளை மட்டுமல்ல, மொத்தச் சனத்தொகையையே கணக்கில் எடுத்தார்கள். அதனால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. வாக்குப்போடும் நாளில் மட்டும் எங்களைக் காணோம். ஆசனம் எங்கள் தலைக்கு, அதில் உட்காருபவரைத் தெரிவுசெய்வது பக்கத்து ஊர். யாழ்ப்பாணத்திலோ காலியிலோ ஓர் உறுப்பினரை அனுப்பத் தேவைப்பட்ட வாக்குகளைவிட எவ்வளவோ குறைந்த வாக்கில் எங்கள் மலைகளிலிருந்து உறுப்பினர்கள் போனார்கள். தங்களைத் தெரிவுசெய்யாத தோட்டங்களைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்படப் போகிறார்கள்? லயத்துக் கூரைத் தகரம் பல வருஷமாக ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தோம். சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த ஒரு சமூகத்தையும் மற்றவர்களுக்கு இல்லாத இடருக்கு உள்ளாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்யக்கூடாது என்றது அது. சுதந்திரத்துக்கு முன்னால் சிறுபான்மையினருக்குக் காட்டிய உத்தரவாதமே அந்தப் பிரிவுதான். றுவன்வெல்லத் தொகுதி இடாப்பில் பேர் சேர்க்க மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்காடினார். வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்தில் தோற்று அன்றைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைக்கவில்லை, யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுக்கு உரிய வேலை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. எங்களைக் கூட்டிவந்தவர்களின் நீதிபதிகள், எங்களை வெளியே தள்ளியவர்களின் சட்டம் சரிதான் என்று இலண்டனில் உட்கார்ந்து சொன்னார்கள். சுதந்திரம் பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

கண்டிச் சிங்கள விவசாயியின் ஆத்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காணியை எல்லாம் முடிக்குரியது என்றது. அவன் சேனை செய்த காடு, மாடு மேய்த்த பத்தனை, எல்லாம் போனது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்ற காணியை ஆளுநர் தொடங்கி அதிகாரிகளே வாங்கிக் கோப்பி போட்டார்கள். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த எங்கள் முன்னோர் அந்தக் காணியில் கூலி. 1869க்குப் பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, கூலி மாறவில்லை. காணியைப் பறித்தவன் பங்களாவில் இருந்தான். கிராமத்து ஆள் குனிந்து பார்த்தால் கண்ணில் பட்டது லயம். பத்திரம் இல்லாதவனிடம் பத்திரம் கேட்டு 1840இல் அவன் காணியைப் பறித்த அதே வெள்ளைக்காரத் தந்திரத்தை, நூறு வருஷம் கழித்து நம் சொந்த மந்திரிமார் எடுத்துத் தோட்டத்து ஆளிடம் பிரயோகித்தார்கள். காலனித்துவம் போய்விட்டது என்று பெப்ரவரியில் பேசும்போது எனக்கு நெருடுவது இந்த இடம்.

முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கியால் செத்தது 1940 ஜனவரி 10. அன்றைக்கு ஆட்சி ஆங்கிலேயனுடையது. டெவன் தோட்டத்தில் காணிப் பிரிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கியால் செத்தது 1977 மே 11. அன்றைக்கு நாடு குடியரசாகி ஐந்து வருஷம்.

1964 ஒக்டோபர் 30ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இந்தியாவும்தானே கையெழுத்திட்டது" என்று உங்கள் பக்கத்திலிருந்து பதில் வரும். ஆமாம், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சமமாகப் பிரித்தார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? எங்களை இல்லை. இந்தியாவின் கையெழுத்தையும் நான் மன்னிக்கவில்லை, அதற்கு டில்லிக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த மேசைக்கு எங்களை ஒரு தொகையாக அனுப்பிவைத்தது 1948இல் கொழும்பு செய்த வேலை. வாக்கு இருந்திருந்தால் எந்தப் பிரதமரும் தன் வாக்காளரை இப்படிப் பங்குபோட்டிருக்க மாட்டார்.

அந்த ஒப்பந்தம் லயத்தில் எப்படி இறங்கியது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே காம்பிராவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எங்கள் பெரியப்பா குடும்பம் போன அன்று ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டி, அம்மி, சாமிப்படம், கயிறு போட்டுக் கட்டிய மெத்தை எல்லாம் பிளாட்போமில் கிடந்தன. பெரியம்மா கோழியையும் கூடையில் கொண்டுவந்திருந்தாள், ஏற்ற விடவில்லை. தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிய அந்த வண்டிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. வண்டி நகரத் தொடங்கியதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பாடுவார்கள், செத்த வீட்டில் பாடுகிற அதே ஒப்பாரி. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி வைத்த ஊர் எங்களுடையது. பெரியப்பா மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். அவருடைய பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எங்களோடு பேசுகிறார்கள், முகம் பார்த்ததில்லை.

1946இல் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் இருந்த நாங்கள் 2012 கணக்கெடுப்பில் நூற்றுக்கு நான்கு. பழைய கதை என்று இதை ஒதுக்க நினைப்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு வாதமும் வரும், "தமிழ்த் தலைவர்களே கைதூக்கினார்களே." உண்மைதான். 1948 சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம், மந்திரியான பிறகு 1949 சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அதை ஏற்காமல்தான் அதே கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் வாக்குப் பறிபோனதைக் கேட்டுக் கட்சி உடைந்த அளவுக்கு அங்கே ரோஷமும் இருந்தது, மந்திரிப்பதவிக்கு மடிந்த முதுகும் இருந்தது. சபையில் இடதுசாரிச் சிங்கள உறுப்பினர்கள் இந்தச் சட்டங்களை எதிர்த்துப் பேசிய பேச்சுக்களும் சபைப் பதிவான ஹன்சாட்டில் இருக்கின்றன. ஆகவே நான் சிங்களவர் மேல் வழக்குப் போடவில்லை. ஒரு சபையின் தீர்மானத்தின் மேல் போடுகிறேன்.

திருத்தவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டங்கள் 1986, 1988, பிறகு 2003இல் வந்தன. ஒப்பந்தப்படி போகவேண்டியவர்களில் பலர், 1983க்குப் பின் போர் மூண்டு கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிவிட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போட், காலடியில் இலங்கை மண். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரஜைகள் என்று 2003இல் சட்டம் வந்தபோது சபையில் எதிர்ப்பு இல்லை. நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் உரிமையைக் கொடுத்ததே தவிர, அது ஏன் எங்களிடம் இல்லாமல் போனது என்பதைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் வைத்திருந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது, எடுத்தது நான்தான் என்று சொல்வது வழக்கம். அது சொல்லப்படாததால்தான் இன்றைக்கும் அரச அலுவலக வரிசைகளில் எங்கள் பிள்ளைகள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு தாத்தாவின் பத்திரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் என்ன செய்வது என்று தாய்மார் கொடுத்துவிடுவார்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். இதற்குச் சட்டமூலம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் வேண்டாம். உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட பிரேரணையாகக் கொண்டுவரலாம். அதைக் கொண்டுவருபவர் மலையகத் தமிழ் உறுப்பினராக இருக்கக்கூடாது என்பது என் விருப்பம். மாத்தறையிலிருந்தோ பொலன்னறுவையிலிருந்தோ வந்த ஒருவர் முன்மொழிய, வடக்கிலிருந்து ஒருவர் வழிமொழியட்டும். 1948, 1949 சட்டங்களின் இலக்கங்கள் அதில் இருக்க வேண்டும், 1964இல் எங்களைக் கேட்காமல் பிரித்ததும் இருக்க வேண்டும். "துரதிர்ஷ்டவசமான சம்பவங்கள்" என்ற மழுப்பல் இருக்கக்கூடாது. நிறைவேறினால் அதன் பிரதி தோட்டப் பாடசாலைகளுக்கும் வர வேண்டும், எங்கள் பாடசாலைகளுக்கு மட்டுமல்ல, கண்டி, கொழும்புப் பெரிய கல்லூரிகளுக்கும். திகதி உங்கள் விருப்பம், பெப்ரவரி 4 விழாவைக் குழப்ப எனக்கு ஆசையில்லை. நவம்பர் 15 பொருத்தமாக இருக்கும்.

2023இல், எங்கள் ஆட்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களில் சட்டம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள், வரலாறு படித்தவர்களும் இருந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரைவு எழுதித் தர ஆள் இல்லை என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்ட வாக்காளர் இடாப்பில் பேர் உள்ள ஒருவன்